பருத்திமார் பிடுங்கிய ஆடி

ஆடி 2

விடியலிலிருந்து காற்று. மழை இல்லை. கணபதிப் பகுதியில் எங்கள் தெருப் பட்டறைகளின் தகரக் கூரை ஒவ்வொன்றும் தனித்தனியே அதிர்கிறது. தொண்டைக் கட்டு. சுக்கு நீர் இருமுறை.

நேற்று மாலை காரமடைக் கூட்டம். தலைப்பு: மண்ணின் மாண்பு. ஒன்றே கால் மணி நேரம். ஒலிபெருக்கி இருமுறை நின்றது, நான் நிற்கவில்லை. சந்தைத் திடல் கொள்ளாத கூட்டம். அவிழ்த்துவிட்ட வண்டிகளின் மேலும் ஆள்கள்.

பருத்திமார் அறிவிப்பைப் பற்றிப் பேசிய பகுதியே மிகச் சிறந்தது. அறிவிப்பு ஊர்தோறும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது: ஆடி பதினாறுக்குள் எடுப்பு முடிந்த பழைய பருத்திச் செடி (மார்) அனைத்தையும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும், நிற்கவிட்டால் அதில் குடியிருக்கும் புழுவும் வண்டும் அடுத்த விதைப்புக்குத் தாவும். அதற்கு நான் சொன்ன விடை, மறவாமைக்கு:

"எம் பாட்டன் உழுத முறையில் கேடு இல்லை. கேடு மேசையில் பிறக்கிறது! அறிவிப்பு ஒட்டும் கையே, நீ ஏர் பிடித்ததுண்டா? ஒருமுறை காய்த்த செடி மறுமுறையும் காய்க்கிறது என்றால், அது மண் உழவனுக்குத் தரும் இரண்டாம் வாழ்த்து. அதைப் பிடுங்கு என்று சொல்ல நீ யார்?"

இவ்விடத்தில் கைதட்டல். அடுத்த தொடரைத் தொடங்க வழியே இல்லை. எண்ணி வைத்திருந்த உவமை ஒன்று வீணாயிற்று. வேறு கூட்டத்துக்கு ஆகும்.

அண்ணன் வந்திருந்தார். திடலின் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு. முடிந்ததும் தேடினேன், இல்லை. நம் தோட்டம் அங்கிருந்து நடை தொலைவுதான். மேடைப் பக்கம் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

வாங்க: மண்ணெண்ணெய், மை, தாள் இரு கட்டு. எழுத: பொன்னிக்கு மடல் (பிறந்தகம் சென்று பத்து நாள். பேற்றுக்கு இன்னும் இரு திங்கள்). திருத்த: எட்டாம் வகுப்புக் கட்டுரைகள்.

ஆடி 4

காற்று அப்படியே. கட்டுரைகள் பாதி.

பள்ளி விட்டு வந்தால் வாசலில் நங்கை, அண்ணன் மனைவி. காரமடைப் பேருந்தில் தனியே வந்திருக்கிறார். கூடையில் முருங்கைக்காய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங் தம்பி, மாரு புடுங்க வேண்டாம்னு மேடையில சொல்லிப்போட்டீங்களாமா?"

"அப்படி இல்லை நங்கை. கட்டாயப்படுத்துவது முறையில்லை என்றேன்."

"அந்த வித்தியாசமெல்லாம் எனக்கென்னங் தெரியும்? நம்ம காட்டுல ரெண்டு ஏக்கரா மாரு நிக்குது. எப்ப புடுங்கறதுன்னு கேட்டா, 'எந் தம்பி வேண்டாம்னுட்டான்'ங்கறாங்க உங்க அண்ணன்."

தெற்குத் தோட்டத்து நாயுடுவுக்கும் நமக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் அவர் முறை, மறுநாள் நம் முறை. அப்பா இருந்தபோது வாய்ச்சொல்லாகச் செய்துகொண்டது. கிணறு இருப்பதோ அவர் எல்லைக்குள். அவர் ஆனியிலேயே தம் மாரைப் பிடுங்கி, உழுது, ஆவணி விதைப்புக்கு மண்ணை ஆறப் போட்டிருக்கிறார். முந்தாநாள் வரப்பில் நின்று அண்ணனிடம் சொன்னாராம்: "உங்க புழுவு என் வரப்பைத் தாண்டுச்சுன்னா, என் தண்ணி உங்க வரப்பைத் தாண்டாதுங்க." அதன்பின் இருவருக்கும் பேச்சு இல்லை.

"மஞ்சள் நட்டு ஒரு மாசந்தான் ஆச்சு," என்றார் நங்கை. "தண்ணி நின்னா அதுவும் போச்சுங்க. பேசுனது நீங்க. மாட்டிக்கிட்டது நாங்க."

காப்பியும் குடிக்கவில்லை. (குளம்பி என்று எழுதக் கை வரவில்லை. இந்த ஏட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.)

அவர் சென்றபின் ஒரு கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கி நிற்க மறுக்கிறது. அன்று கைதட்டியவர் எத்தனை பேர்? ஆளுக்கு ஓர் ஏக்கரில் செடியை விட்டுவைத்தால்? அத்தனை காட்டிலும் புழு பெருகி, அத்தனை வரப்பும் தாண்டி, அத்தனை கிணற்றிலும் பேச்சு நின்றால்? கைதட்டலை இப்படி ஏக்கரில் அளந்து பார்த்தது இதுவே முதல்முறை.

ஆடி 5

வெயில். மிதிவண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிற்று, இருமுறை.

வேளாண் அலுவலகம் சென்றேன். காரமடைப் பகுதிக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டேன். இளைஞர். உடுமலைப்பேட்டைப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க புலவரே. கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேனுங்க. தமிழ் நல்லா இருந்துச்சுங்க."

அவ்வளவே. அதில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

நாற்காலியை எனக்கென்று இழுத்துப் போட்ட கைகளைப் பார்த்தேன். உள்ளங்கையில் காய்ப்பு, இரு பக்கமும். மேழி பிடித்த காய்ப்பு. என் கையில் சுண்ணக்கட்டித் தூள்.

மேசைமேல் காய்ந்த செடி ஒன்று. வேருக்குச் சற்று மேலே தண்டு கழலை போல் வீங்கியிருந்தது. பேனாக்கத்தியால் பிளந்தார். உள்ளே வெள்ளையாய்ச் சிறு புழு, கால் இல்லாதது, வளர்ந்தால் வண்டாகுமாம். பிறகு பிஞ்சுக் காய் ஒன்றை உடைத்தார். விதைக்குள் தலையைக் கொடுத்தபடி இளஞ்சிவப்பாய் இன்னொன்று. நெளிந்தது. இத்தனைக்கும் அது பறித்து வைத்து எட்டு நாள் ஆன காய்.

"பழைய செடி நிக்கிற வரைக்கும் இதுகளுக்கு ஊடும் உண்டு, சோறும் உண்டுங்க. நடுவுல ஒரு மாசமாச்சும் பருத்தியே இல்லாம காயப்போட்டாப் பட்டினி. அவ்வளவுதானுங்க சங்கதி."

அண்ணன் காட்டுக்கு நாள் நீட்டித் தர இயலுமா என்றேன். இயலாது.

"பதினாறு தாண்டுனா நாங்களே ஆள் உட்டுப் புடுங்கோணும்னு சட்டம். அது உங்க அண்ணனுக்கு மரியாதை இல்லீங்க. எனக்கும் புடிக்காத வேலை."

மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஏதுவாக எழுதியது: குடும்ப நிலை.

ஆடி 6

முதல் பேருந்து. பின்னிருக்கையில் இருவர், ஒருவர் என்னை அடையாளம் கண்டு மற்றவரிடம், "இவருதான் அன்னிக்கு ஆபீசுக்காரங்களை நார்நாராக் கிழிச்சவரு." வழக்கமாக நிமிர்ந்து உட்காருவேன். இன்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காரமடையில் இறங்கித் தோட்டம் வரை இருபக்க வேலிகளுக்கு இடையே போகும் இட்டேரி வழியே நடந்தேன். கிளுவை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து ஒவ்வொரு காடாக எண்ணிக்கொண்டே. என் பேச்சு எத்தனை காட்டில் நிற்கிறது என்று பார்க்க.

முதல் காடு: பிடுங்கியாயிற்று. இரண்டாவது: பிடுங்கி உழுதாயிற்று. மூன்றாவது: கட்டுக்கட்டாய் மார் வரப்பில். நான்கு, ஐந்து, ஆறு: வெறும் மண். ஏழாவதில் ஒருவர் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து சீழ்க்கை அடித்தவர். முகம் நன்றாக நினைவிருக்கிறது.

"நீங்களும் பிடுங்கிவிட்டீர்களா?" என்றேன்.

"ஆமாங்க. பேச்சுக் கேட்ட மறாநாளே ஆளுக கெடைச்சுதுங்க."

"நான் பிடுங்க வேண்டாம் என்றல்லவா பேசினேன்?"

சிரித்துவிட்டார். "பேச்சு வேற, காடு வேறங்க. அந்த ஆபீசுக்காரன் வந்து 'புடுங்கு, புடுங்கு'ன்னு வெரட்டுறது எங்களுக்கு எரிச்சல். நீங்க அவனை நாலு கேள்வி கேட்டீங்க, வயிறு குளுந்துச்சு. தட்டுனோம். அதுக்காகப் புழுவை வெச்சுச் சோறு போட முடியுங்களா?"

"அப்படியென்றால் அறிவிப்பு சொல்வது மெய்தான் என்கிறீர்கள்."

"எதுலதானுங்க கெடுதல் இல்லை? மாரை உட்டா இன்னொரு எடுப்பு பஞ்சு வரும்; புழுவும் வரும். புடுங்குனா அடுப்புக்கு ஆகும். ஆனாக் காடு வெறிச்சுன்னு காத்துல மண்ணு பறக்கும். புழுவுக்குன்னு ஒரு பொடி குடுத்தாங்க, அடிச்சோம். புழுவு செத்துது. பொறுக்கித் தின்ன கோழியும் செத்துது. பழைய வழியில என்ன போகும்னு எங்களுக்குத் தெரியும். புதுசுல என்ன போகும்னு போன பொறகுதானுங்க தெரியுது. அதையெல்லாம் ரோசிச்சுத்தான் செய்யறது."

வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்து, "அடுத்த கூட்டம் எப்பங்க?" என்றார்.

எண்ணிக்கை முடிவு: பதினான்கு காடு. நிற்பது ஒன்று. நம்முடையது.

இட்டேரி நடுவில் நின்று மூச்சு விட்டேன். இரு நாளாய் நெஞ்சில் இருந்த கல் இறங்கிற்று. யாரும் கேட்கவில்லை! ஒருவர்கூட! இப்படி மகிழ்ந்த பேச்சாளன் இத்தமிழ்நாட்டில் நான் ஒருவனாகவே இருப்பேன். மகிழ்ச்சி தீர்வதற்குள் சிறிது வலித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அதே நாள், பொழுது சாய

அண்ணன் மஞ்சள் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா. ஸ்கூலு லீவா?"

நேரே கேட்டேன்: என் சொல்லை நம்பியா மாரை விட்டுவைத்தீர்கள்?

"உம் பேச்சைக் கேட்டு எவனாச்சும் காடு பண்ணுவானா தம்பி?"

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வேருக்கு மேலே மடக்கென்று ஒடிந்தது. அடித்தூர் மண்ணுக்குள்ளேயே.

"பாத்தியா? மண்ணு கல்லாக் கெடக்குது. வண்டு குடியிருக்கிற எடமே இந்தக் கழுத்துதான். இதை உள்ள உட்டுப்போட்டு மேல இருக்கற குச்சியை எடுத்து என்ன? தூரு மறுபடியும் துளுக்கும். ஈரம் இருந்தாத்தான் வேரோட வரும். நாயுடு தண்ணி கட்டிப் புடுங்குனாரு. நம்ம முறைத் தண்ணி மஞ்சளுக்கே பத்தலை. ஆடிச் சாரலைப் பாத்துக்கிட்டு இருக்கறேன். அது வரலை."

"இதை ஏன் அலுவலரிடம் சொல்லவில்லை? நாயுடுவிடமாவது?"

"தண்ணி பத்தலைன்னு போயி நிக்கச் சொல்றியா? எந் தம்பி வேண்டாம்னுட்டான்னேன். ஆபீசுக்காரரு வாயை மூடிக்கிட்டுப் போயிட்டாரு. உம் பேச்சு அதுக்காச்சும் ஆச்சு."

நாயுடுவின் சினம் எதிலிருந்து வந்தது என்று இப்போது விளங்கிற்று. இல்லாமையை அண்ணன் மறைத்தார். மறைக்க என் பேச்சு போர்வை. வரப்புக்கு அப்பால் நிற்பவருக்கு அது செருக்காகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அதை எழுதாமல் விட்டால் இந்த ஏடு பொய்.

"பாட்டன் முறை, பாட்டன் முறைன்னு பேசுனியே. பாட்டன் போட்டது நாட்டுப் பருத்தி, கருங்கண்ணி. மானாவாரி. எடுத்தா முடிஞ்சுது, செடியும் முடிஞ்சுது. ரெண்டாந்தரம் காய்க்கிற இந்தப் பருத்தி அப்பன் காலத்துல வந்தது. பேரே கம்போடியா. அது எந்த ஊருன்னு பாட்டனுக்குத் தெரியுமா, உனக்காச்சும் தெரியுமா?"

ஒன்றே கால் மணி நேரம். பாட்டன் கண்ணால் காணாத செடிக்குப் பாட்டன் பெயரால் முழக்கம்! திடலில் முதியவர்கள் பலர் இருந்தனர். ஒருவர்கூட எழுந்து சொல்லவில்லை. கைதட்டினர்.

நங்கை களி கிண்டினார். கீரைக் கடைசல். இருமுறை வாங்கி உண்டேன்.

ஆடி 7

முகில் மேற்கே கூடி, கலைந்து சென்றது. மழை இல்லை. இன்னும் ஒன்பது நாள்.

காலையில் அண்ணனுடன் சேர்ந்து காய்ந்த மண்ணிலேயே பிடுங்கிப் பார்த்தேன். ஒரு சால் வரிசையில் பாதிக்கு மேல் ஒடிந்தது. கை எரிச்சல். நிறுத்தச் சொன்னார்.

நாயுடுவிடம் செல்வது என்று முடிவு. அண்ணனிடம் சொல்லவில்லை. வரப்பு ஓரமாக நடக்கையில் தொடக்கம், நடு, முடிவு என உள்ளத்தில் அடுக்கினேன். தொடக்கத்தில் அண்டை அயல் உறவின் தொன்மை. நடுவில் நீரின் சிறப்பு. முடிவில் வேண்டுகோள்.

நாயுடு கட்டுத்தறியில் எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குபவர். மெலிந்த உடம்பு. "வாங்க புலவரே," என்றார், குரலில் ஏற்ற இறக்கம் இன்றி. உள்ளே நோக்கித் தெலுங்கில் ஏதோ சொன்னார். சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தேன். எருமையைப் பார்த்தேன். அடுக்கியதில் ஒன்றும் வரவில்லை.

"ஏனுங்க, மேடையில நிறுத்தாமப் பேசறவரு. இங்க ஒரு பேச்சுக்கு இத்தனை நேரமுங்களா?"

"நான் பேசியது தவறு," என்றேன். "அண்ணன் அதைக் கேட்டு விட்டுவைக்கவில்லை. தண்ணீர் போதவில்லை. உங்களிடம் சொல்லக் கூச்சம்."

முழுப் பேச்சும் அவ்வளவே. நான்கு தொடர். என் வாழ்நாளில் மிகக் குறுகிய சொற்பொழிவு.

அவர் தீவனக் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். எருமையை ஒருமுறை அதட்டினார். பிறகே திரும்பினார்.

"தண்ணி பத்தலைன்னு வாயைத் தொறந்திருந்தா ஆனியிலயே குடுத்திருப்பேனுங்க. எங் காட்டுல இப்ப என்ன பயிரா நிக்குது? எம் முறைத் தண்ணி கெணத்துல சும்மாதான் கெடக்குது. கேட்டா, தம்பி சொன்னான், தம்பி சொன்னான்னாரு. நான் என்ன தம்பிக்கா தண்ணி உடறது?"

"தவறுதான்."

"உங்க காட்டுப் புழுவு எனக்குப் புதுசா? எங் காட்டுதும் உங்களுக்கு வந்திருக்கும், எந்த வருசமோ. அதுக்காவ யாரும் தண்ணியை நிறுத்துனதில்லை. எடுத்தெறிஞ்சு பேசுனாருன்னு நெனச்சேன். அதான் அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டேன். சொன்ன பொறகு எனக்கும் வெசனந்தான்." கூடையை வைத்துவிட்டு மடைப் பக்கம் நடந்தார். "நாளைக்கு எம் முறை. மோட்டாரைப் போட்டு உங்க வாய்க்காலுக்குத் திருப்பி உடறேன். மஞ்சளுக்குக் கட்டிப்போடாதீங்க. மாருக்கு!"

வழியெல்லாம் எனக்கு உரக்கப் பாட வேண்டும் போலிருந்தது. பாடவில்லை, வரப்பில் நங்கை நின்றிருந்தார். செய்தி சொன்னேன். "அப்படிங்களா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சென்றவர், சிறிது நேரத்தில் காப்பியுடன் வந்தார். வெல்லம் கூடுதல்.

அண்ணனிடம் அவரே சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்து, "உன்னை யாரு போகச் சொன்னது?" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்காரரைத் தேடிப் புறப்பட்டார். தண்ணீர் பாய்வதற்கு முன் ஒரு பொழுது ஆடு மேய்ந்தால், எஞ்சிய பிஞ்சும் இலையும் அதன் வயிற்றுக்குள். புழுவும் கூடவே. இம்முறையை யாரும் சுவரில் ஒட்டியதில்லை.

மாலைக்குள் செடிகள் வெறும் குச்சி.

ஆடி 8

நாயுடுவின் தண்ணீர். விடியலில் வாய்க்காலில் இரைச்சல். எழுந்து ஓடிப் பார்த்தேன். அண்ணனும் நாயுடுவும் மடையில், ஆளுக்கொரு மண்வெட்டியுடன். பேச்சு: "அங்க ஒடைச்சுக்குதுங்க." "பாத்துட்டேனுங்க." வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. போதும்.

விடுப்பை மேலும் நான்கு நாள் நீட்டி அஞ்சலட்டை.

ஆடி 10

மண் பதம். பிடுங்கத் தொடங்கியாயிற்று.

பெண்கள் ஒன்பது பேர், மேற்குத் தெருவிலிருந்து. தலைவி போல் ஒருவர், வெள்ளச்சி. நாற்பது இருக்கும். பிடுங்குபவர்க்கு நாலு கட்டுக்கு ஒரு கட்டு மார். அது இங்கு வழக்கம். மழைக்காலம் முழுவதும் அவர்கள் அடுப்பு அதில்தான் எரிகிறது. எனக்கு இது தெரியாது. பதினைந்து ஆண்டுக்கு முன், இங்கு இருந்தபோது, தெரிந்திருக்கலாம்.

நானும் ஒரு சால் பிடித்தேன். வெள்ளச்சி பக்கத்துச் சால்.

"ஏனுங் சாமி, நீங்கதானே மாரு புடுங்கக்கூடாதுன்னு பேசுனவரு?"

சாமி என்று அழைக்க வேண்டாம் என்றேன்.

"சரிங் சாமி. புடுங்காம உட்டா எங்க அடுப்புல என்னத்த வெக்கறது? அதையும் மேடையில சொன்னீங்களா?"

மற்ற பெண்கள் சிரிப்பு. ஒருவர்: "அவருக்கென்ன, ஸ்டவ் அடுப்பு!" இன்னொருவர்: "கையைப் பாருடி, பூவாட்டம்!"

ஏர் பிடித்த கை, ஏர் பிடித்த கை என்று எத்தனை முறை முழங்கினேன்! மார் பிடுங்கும் கை என் பேச்சில் இல்லவே இல்லை. அந்தக் கைகள் திடலுக்கும் வந்திருக்கவில்லை. அந்நேரம் ஏதேனும் ஒரு காட்டில் இருந்திருக்கும்.

குனிந்து, அடித்தண்டில் பிடித்து, சற்றே திருகி, இழு. நேரே இழுத்தால் இடுப்புப் போகும். வெள்ளச்சி காட்டித் தந்தது. வேர் மண்ணோடு வரும்போது ஓர் ஓசை. அது நன்றாக இருக்கிறது.

ஆடி 11

கை இரண்டும் கொப்புளம். எழுதுகோல் பிடிக்க இயலவில்லை. சுருக்கமாக.

மாலை நான்குக்கு முடிந்தது. முழுக்காடும். ஒடிந்த தூர் எண்ணத் தக்கதே. நாயுடு தம் ஆள் இருவரை மண்வெட்டியுடன் அனுப்பி அவற்றையும் தோண்டி எடுக்கச் செய்தார்.

கட்டுகளை வீட்டுக்கு ஏற்றும் முன் வெள்ளச்சி ஒவ்வொன்றையும் கல்லில் நான்கு அடி அடித்தார். ஆடு விட்ட காய்ந்த காய்கள் உதிர்ந்தன. அறிவிப்பில் உள்ளதால் செய்கிறீர்களா என்றேன். "எந்த அறிவிப்பு? காயோட அடுக்கி வெச்சா அடுப்பங்கரை பூராப் புழுவு ஊருமுங். களிக்கு வெச்ச ராயி மாவுல கூட ஏறிப்போடும்." உதிர்ந்ததைக் கூட்டிக் குழியில் தள்ளித் தீ வைத்தார் நங்கை. பட்பட்டென்று வெடித்தது.

ஏழு மணிக்குத் தூறல்! அண்ணன் வானத்தைப் பார்த்து வைதார். பிறகு எல்லாரும் சிரித்தோம்.

ஆடி 14

பள்ளி. கட்டுரைகள் இன்னும் பாதி. பொன்னி மடல்: நலம், காலில் வீக்கம் குறைவு. நன்று.

மாலை மீண்டும் காரமடை. கூட்டம் கேட்டுப் பெற்றது நானே. தலைப்பு இல்லை. அலுவலரும் வந்திருந்தார், பின்னால், மிதிவண்டியைப் பிடித்தபடி.

மேடை ஏறி, அவையை வணங்கி, சொன்னேன்: "சென்ற முறை இதே இடத்தில் நான் பேசியதில் தவறு உண்டு. பருத்திமாரைப் பிடுங்க வேண்டும். பாட்டன் பெயரை இழுத்ததும் தவறு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அது அன்னிக்கே தெரியுமுங்க! நீங்க மேல பேசுங்க!"

திடல் முழுதும் சிரிப்பு. அலுவலரும். பேசினேன். பிடுங்கும் பெண்களின் அடுப்பைப் பற்றி, பொடி தின்று செத்த கோழியைப் பற்றி, பதம் பார்த்துப் பிடுங்க நாள் நீட்டித் தர வேண்டியதைப் பற்றி. இறுதியில் சொன்னதற்கு அலுவலரே தலையசைத்தார். கைதட்டல் முன்னைவிடக் குறைவு. கேள்விகள் மிகுதி. ஒன்பது வரை எண்ணினேன்.

ஆடி 16

தோட்டத்திலிருந்து அஞ்சலட்டை, நங்கை சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது. அலுவலர் வந்து, காட்டைச் சுற்றி, மோர் குடித்துப் போனாராம். தண்ணீர் பழையபடி முறைவைத்து. மஞ்சள் தலை நிமிர்ந்திருக்கிறது.

அதே நேரம் ஓர் அச்சம் தீரவில்லை. நம் செடி நின்றது ஆடி பத்து வரை. நாயுடு காடு ஒரு வரப்பு தள்ளி. அதற்குள் ஏதேனும் தாண்டியிருந்தால்? காய் வெடிக்கும் வரை தெரியாது.

தை 21

இந்த ஏட்டில் பல திங்கள் வெற்றுத்தாள். மகள் பிறந்ததும் எழுத நேரமில்லை. பெயர் யாழினி. அழுகை ஏழு கட்டை.

பொங்கல் கழிந்து தோட்டம் சென்றோம். பனி. நாயுடு காட்டில் முதல் எடுப்பு. வெள்ளை வெளேரென்று. அழைக்காமலேயே வரப்பைத் தாண்டினேன். வெடிக்காத காயாகப் பார்த்துப் பறித்து ஒவ்வொன்றாய் உடைத்தேன். நாயுடு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று: தூய்மை. இரண்டு, மூன்று, நான்கு. ஒன்பது வரை ஒன்றும் இல்லை. என் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டிருக்க வேண்டும்.

பத்தாவதில் இருந்தது. இளஞ்சிவப்பு. நெளிந்தது.

அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நின்றேன்.

"பத்துல ஒண்ணுன்னா நல்ல வருசமுங்க புலவரே," என்றார். "ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு இதென்ன துணிக்கடையா? அதும் பொழைக்கோணுமல்லோ."

பதினொன்றாவதுக்குக் கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"போதுமுங்க. உடைச்சுப் பாத்தே எங் காட்டைக் காலி பண்ணிப்போடுவீங்க."